பொறியும் வாய்மையும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் பெருவழியில் அருள்புரம் என்னும் ஊர் உள்ளது. காலையில் அவ்வழியே செல்வோர், உணவுத் தூக்கினைக் கையிலேந்திப் பனியன் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் ஆடவரையும் மகளிரையும் காணலாம். இப்பகுதி மக்கள் ஆக்கும் ஆடைகள் கடல் கடந்து செல்கின்றன. இந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. பொறிகள் மாறமாறத் தொழிலும் மாறியது. விற்கும் முறையும் மாறியது.

நெசவுக்குப் பாவும் ஊடுமாகிய இருவகை இழைகள் வேண்டும். பின்னலிலோ இழையானது கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணியாக வளரும். நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூரில் இத்தொழில் 1920களில் தோன்றிற்று. அந்நாளில் வட்டப் பின்னற்பொறியைக் கையாலேயே சுழற்றினர். 1932ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், கொங்கு நாட்டில் மின்னாற்றல் பரவலாயிற்று. சக்கரம் சுழற்றிய கைகள் வேறு வேலையைக் கற்க வேண்டியனவாயின.

அத்தகைய மாற்றம் இன்றும் நிகழ்கின்றது. தைப்பவரின் அருகே நின்று துணியை எடுத்துக் கொடுத்தும், மடித்தும், நூற்பிசிறு வெட்டியும் உதவுவோரைத் திருப்பூரார் ‘கைமடி’ என்பர். கைமடியாகப் புகுந்து, ஓய்ந்த வேளையில் ஓவர்லாக் பொறியையும் பேட்லாக் பொறியையும் பழகித் தையற்காரராக உயர்ந்தோர் பலர். இப்பொழுது நூலைத் தாமே வெட்டிக்கொள்ளும் தையற்பொறிகள் வந்துள்ளன. அவற்றால் காலமும் செலவும் குறைகின்றன என்பது உண்மையே. ஆயினும், ஏணியின் முதற்படி மறையுமாயின் எளியவர் எங்ஙனம் மேலேறுவர்? ஆதலின், புதிய பொறியை வாங்குவோர் அதனை இயக்கும் பயிற்சியையும் தம் தொழிலாளர்க்கு அளித்தல் முறையாகும்.

இனி, விற்பனையை நோக்குவோம். முன்னாளில் முகவர் மாதிரி ஆடைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, புகைவண்டியேறிப் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்கட்குச் செல்வர். வாங்குவோர் துணியைத் தொட்டும் இழுத்தும் பார்த்து விலை பேசுவர். கடிதமும் தந்தியுமே தொடர்புக்குக் கருவிகளாயிருந்தன. 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் திருப்பூர்ச் சரக்கை நாடினர், ஏற்றுமதி வளர்ந்தது. டெலக்ஸ், பேக்ஸ் என்பன உதவின. 1995இல் இந்தியாவில் இணையம் பொதுமக்கட்குக் கிடைத்தபின், மாதிரியின் படம் நொடிப்பொழுதில் அயல்நாடு சென்றது. இன்று சிறு பனியன் வணிகரும் கைப்பேசியிற் படம் காட்டி விற்கின்றனர். 2016இல் தொடங்கப்பெற்ற யுபிஐ முறையால் பணமும் அதிலேயே வந்து சேர்கின்றது.

இதனால் விற்பவரின் பணி எளிதாயிற்று என்று எண்ணுதல் கூடாது. படத்தைக் கண் காணும், கை தொடாது. துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடையுள்ளது, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் நிற்குமா என்பனவற்றைப் படம் உரைப்பதில்லை. விற்பவரே உரைத்தல் வேண்டும். அவர் உரைத்தது பொய்யாயின், சரக்குத் திரும்பி வரும். அதனை நம்பி உழைத்த தொழிலாளரின் கூலியும் இடருறும். ஆகவே, விற்பவர்க்குப் பேச்சுத் திறன் மட்டும் போதாது. பொருளறிவும் வாய்மையும் இன்றியமையாதன.

வணிகர்க்குரிய நேர்மையைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துப் போற்றினார். பொறிகள் இன்னும் மாறும். அவற்றைக் கற்கும் ஊக்கமும், சொன்ன சொல் பிழையாத உறுதியும் உடையவர் எக்காலத்தும் தம் தொழிலில் நிலைபெறுவர்.