அம்மாவிடம் வர மறுக்கும் மகன்

கேள்வி: இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீடு வந்தேன். என் அம்மாவிடம் இருந்த மூத்தவன் என்னை நெருங்கவே மாட்டேன் என்கிறான். பாசம் விட்டுப்போனதா?

பதில்: இல்லவே இல்லை. பிரிவின் வலிதான் இப்படி வெளிப்படுகிறது. மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மனைவி ஜாய்ஸுடன் 1969-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில், அம்மாவின் பிரசவத்துக்காக 17 மாதப் பையன் 9 நாள் காப்பகத்தில் விடப்படுகிறான். அம்மா திரும்பியதும் கதறித் திமிறுகிறான். பார்க்கவே நெஞ்சு பதறும். உங்கள் மகனுக்குப் பாட்டி இருந்தார், அது பெரிய பலம். அவரை உடனே ஊருக்கு அனுப்பாதீர்கள். மகனை இழுத்து அணைக்காமல் பக்கத்தில் உட்காருங்கள், அழுதால் அழட்டும். விலகல் நீடித்தால் குடும்பத்தோடு ஆலோசகரைப் பாருங்கள். பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது பற்றி பவுல்பி 1949-இலேயே எழுதியிருக்கிறார்.