தொல்லுலோகத் துண்டுகளும் கண்டெடுப்பிடப் பதிவும்

உழுநிலங்களில் பொதுமக்கள் கண்டெடுக்கும் அணிவேலைப்பாடுடைய உலோகத் துண்டுகள் பெரும்பாலும் மண்ணடுக்குச் சான்றினை இழந்தவை. அவற்றின் காலத்தை வேலைப்பாடு ஓரளவு உணர்த்தும். கிடைத்த இடத்தை அது உணர்த்தாது. இங்கிலாந்தின் இரு கண்டுபிடிப்புகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

1. பொன் துண்டுகள்

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டதும் குறைந்தது 10 விழுக்காடு பொன் அல்லது வெள்ளி கொண்டதுமான பொருளை 14 நாளுக்குள் அறிவித்தல் வேண்டும். 2009இல் உலோகங்காண் கருவியால் வெளிப்பட்ட ஸ்டாஃபோர்டுஷயர் புதையல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது; கிடைத்த வயலும் அகழப்பட்டது. ஏறத்தாழ 4,600 துண்டுகளில் காணப்படும் பின்னல் விலங்குருவங்களும் கோமேதகப் பதிப்பும் ஆங்கிலோ-சாக்சன் கலைக்குரியவை. ஒரே இடத்துத் தொகுதி என உறுதியானதாலேயே சிதைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, வாட்பிடி உறுப்புகளையும் ஒரு தலைக்கவசத்தையும் இனங்காண முடிந்தது.

2. செப்புக் கலவைத் துண்டுகள்

2010இல் கம்ப்ரியாவில் கிடைத்த உரோமானியத் தலைக்கவசம் 67 துண்டுகளாக இருந்தது. செப்புக் கலவையாலான தனிப்பொருள் ஆதலின் அன்றைய சட்டம் அதனைத் தழுவவில்லை. விரிவான அறிவியலாய்வுக்கு முன்பே துண்டுகள் இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 23 இலட்சம் பவுண்டுக்கு அது தனியாருக்கு ஏலம் போயிற்று. எனினும் கண்டெடுத்தவர் இடத்தைக் காட்டியமையால், அங்கு உரோமானியர் காலக் குடியிருப்பு இருந்தமை பின்னர் அகழாய்வில் தெரியவந்தது. தனிச்சிறப்புடைய உலோகப் பொருள்களையும் உள்ளடக்குமாறு புதையலின் வரையறை 2023இல் விரிவாக்கப்பட்டது.

3. பதிவு முறை

சட்டத்துக்கு உட்படாத சிறு துண்டுகளுக்குத் தன்விருப்பப் பதிவே துணை. அங்கு 1997 முதல் இதற்கெனத் தனித் திட்டம் இயங்குகிறது. வரைபட ஆயத்தொலைவு, ஆழம், எடை, அளவு, இருபுற ஒளிப்படம் ஆகியன பதிவின் அடிப்படை. முறிந்த விளிம்பில் களிம்பு படிந்திருப்பின் முறிவு பழையது. உலோகம் பளிச்சிட்டால் அண்மையது. களிம்பில் துணியிழையோ பொன்முலாமோ எஞ்சியிருக்கலாம் ஆதலின், கண்டெடுத்தவர் துண்டைத் தேய்த்துத் துலக்குதல் கூடாது.

முடிவுரை

இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலின் தன்மை, மதிப்பு ஆகியவற்றோடு கிடைத்த இடத்தையும் நாளையும் ஆட்சியருக்கு அறிவிக்கப் பணிக்கிறது. பொருளை அருங்காட்சியகம் காக்கும். இடத்தைக் காப்பது இப்பதிவு ஒன்றே எனலாம்.