தயிர் சாதத்துக்குள் ஒரு மாத்திரை

நம்பிக்கை: விழுங்க முடியாத பெரியவர்களுக்கு எந்த மாத்திரையையும் பொடி செய்து கொடுக்கலாம்.

பெரியம்மா இருந்த முதியோர் இல்லத்தில் காலை எட்டரைக்கு ‘டங் டங்’ சத்தம் கேட்கும். ஆயாம்மா குட்டி உரலில் ஒவ்வொருவர் மாத்திரையாக இடித்துத் தயிர் சாதத்தில் குழைத்து ஊட்டுவார். நடுநடுவே உரலைத் துடைப்பது முந்தானையால். அவர் பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால், அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் அந்த மாத்திரை பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது. இடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் தலைசுற்றி விழுவார்கள். பழி வயசின்மேல் போகும். விழுங்கச் சிரமம் என்று டாக்டரிடம் சொன்னால், பல மருந்துகளுக்கு மாற்றாக சிரப்போ தண்ணீரில் கரையும் மாத்திரையோ எழுதித் தருவார்.

இன்னொன்று. பெரியம்மாவுக்கு நாக்கு கூர்மை. நாலு வாயிலேயே “கசக்குதுடி” என்று தட்டைத் தள்ளிவிடுவார். மருந்து எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு தட்டில் நின்றது? யாருக்கும் தெரியாது. சொல்லாமல் சோற்றில் ஒளித்ததால் அடுத்த வேளை சோற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம்.

நம்பிக்கை: இன்சுலின் சிரிஞ்சு எல்லாம் ஒன்றுதான்.

நம் ஊர் மருந்துக்கடையில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கும். மாற்றிப் போட்டால் எட்டே யூனிட். குப்பியையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

நம்பிக்கை: காலையில் விட்டுப்போன மாத்திரையை ராத்திரி இரண்டாகக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

நம்பிக்கை: நோட்டில் டிக் இருந்தால் மாத்திரை கொடுத்தாயிற்று.

தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகு, கொடுத்தவரே போட வேண்டிய டிக் அது. ஒருநாள் காலை பெரியம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினோம். நோட்டில் மதிய மாத்திரைக்கு டிக் விழுந்திருந்தது.