மோட்டாரைக் கழற்றும் முன்

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மோட்டார் கிட் போட்ட சைக்கிள் பாதி வழியில் நின்றால் காற்றைத் திட்டுகிறார்கள். இடுக்கியில் குமுளி, மறையூர்ப் பக்கம் நின்றால் ஏற்றத்தைத் திட்டுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே கூத்துதான்: சக்கரத்தைக் கழற்றி மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். பிரித்த மோட்டாரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே ஒரு கனெக்டர் கருகிக் கிடக்கும்.

இங்கே சொல்வது 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டார் போட்ட சைக்கிளுக்கு. 24 வோல்ட் வைத்திருப்பவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், முறை அதேதான். மோட்டார் பின்சக்கரத்தில் இருக்க வேண்டும். முன்சக்கர மோட்டார் மலைச்சாலை ஈரத்தில் வழுக்கும், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. பெட்ரோல் கிட் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 25 சிசி வரைக்கும்தான் விட்டுவைக்கிறது. 80 சிசி எஞ்சினை மாட்டிக்கொண்டு செக்போஸ்ட் தாண்டுவது உங்கள் துணிச்சல். மின்சாரத்திலும் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்பைத் தாண்டினால் அது சைக்கிள் கணக்கில் வராது.

வண்டி துளிகூட அசையவில்லையா? பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். இரண்டு பிரேக் லீவரிலிருந்தும் வரும் கட்-ஆஃப் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு த்ராட்டிலைத் திருகுங்கள். சக்கரம் சுற்றினால், லீவருக்குள் இருக்கும் சுவிட்ச் மண்ணிலோ துருவிலோ சிக்கி, பிரேக் பிடித்தபடியே இருப்பதாகக் கண்ட்ரோலரை ஏமாற்றியிருக்கிறது. சுத்தம் செய்து மாட்டுங்கள், பிடுங்கியபடியே ஓட்டாதீர்கள். சுற்றவில்லை என்றால் த்ராட்டிலின் மூன்று ஒயர்களைப் பாருங்கள்: சிவப்பில் 5 வோல்ட் வர வேண்டும், சிக்னல் ஒயரில் விட்ட நிலையில் 1 வோல்ட் அருகே தொடங்கி, முழுக்கத் திருகும்போது 4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் த்ராட்டில் போய்விட்டது. புதிது வாங்குங்கள், பழுது பார்க்கும் பொருள் அல்ல அது.

சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ விட்டுவிட்டு வேலை செய்கிறதா? இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 39 வோல்ட் காட்டும். பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் மோட்டார்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சும்மா நிற்கும் வண்டியில் எடுத்த வோல்ட்டேஜை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கரண்ட் ஓடாதபோது பாதி கருகிய கனெக்டரும் முழு வோல்ட்டேஜைத்தான் காட்டும். ஏற்றத்தில் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் வரை இழுக்கிறது. கனெக்டரில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். கூடவே 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். கடையில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை அந்த பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் இளகும், பின் தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். கடைசியில் கண்ட்ரோலருக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் 30 அருகே சரிந்ததும் அது தானாகவே நிறுத்திவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். அதனால்தான் இந்தக் குறை கடைக்காரர் கண்ணில் படுவதே இல்லை.

பிடிக்கும் வழி இது. மீட்டரை டி.சி. 2 வோல்ட் அளவில் வையுங்கள். இரண்டு முனைகளுக்கும் ஹேண்டில்பார் வரை எட்டும் ஒயர் கட்டி நீட்டுங்கள். சந்தேகப்படும் கனெக்டரில், சிவப்பு ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு முனை. அதே சிவப்பு ஒயர் மறுபக்கம் வெளியே வரும் இடத்தில் இன்னொரு முனை. சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே வைக்காதீர்கள், அங்கே மொத்த வோல்ட்டேஜ்தான் தெரியும். நமக்கு வேண்டியது அந்தக் கனெக்டர் விழுங்கும் வோல்ட்டேஜ் மட்டும். முனைகள் தவறிக்கூடக் கருப்பைத் தொடாதபடி டேப் சுற்றுங்கள், லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் பொறி பறக்கும். மீட்டரை ஹேண்டில்பாரில் கட்டி, பக்கத்தில் செல்போனை வீடியோவில் வைத்து, ஏற்றத்தில் பெடல் போடாமல் முழு த்ராட்டிலில் பத்து விநாடி போங்கள். ஓட்டும்போது மீட்டரைப் பார்க்க வேண்டாம், இறங்கி வீடியோவைப் பாருங்கள்.

0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தக் கனெக்டர் நல்லது. 0.2 தாண்டினால் வெட்டி எறியுங்கள். இப்படியே கருப்பு ஒயர், ஃப்யூஸ் ஹோல்டர், சாவி சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். கனெக்டருக்கு அடுத்தபடி சாவி சுவிட்ச்தான் குற்றவாளி. சின்ன சாவி சுவிட்ச் வழியாக மொத்தக் கரண்டையும் ஓட விடக் கூடாது, கண்ட்ரோலரின் மெல்லிய இக்னிஷன் ஒயர் மட்டும்தான் அதன் வழியாகப் போக வேண்டும். கிட்டோடு வந்த கனெக்டர்களை முதல் நாளே வெட்டிவிட்டு எக்ஸ்டி60 கனெக்டர் வைத்து ஈயம் பற்ற வைப்பதுதான் என் வழக்கம். முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை டியூப்லைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கனெக்டர்கள் எல்லாம் தேறிவிட்டால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். மீட்டர் அளவை மாற்றி, இப்போது பேட்டரியின் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே வைத்து அதே ஏற்றம் போங்கள். 39 என்பது 36 ஆனால் சரி. 32க்கு விழுந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் வரிசை தளர்ந்திருக்கிறது. பேட்டரியை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

பாலக்காட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் நோக்கி மேற்கே மிதியுங்கள். கணவாய்க்காற்று முகத்தில் அறையும்போது தட்டையான ரோட்டிலும் மோட்டார் மலை ஏறுவதுபோலத்தான் இழுக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை.

ஓட்டம் நடுங்கி நடுங்கி, கடகடவென்று சத்தம் வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சாரைப் பாருங்கள். கியர் ஹப்பில் சக்கரத்தை முன்னால் சுற்றினால் மோட்டார் சுற்றாது, மெதுவாகப் பின்னால் சுற்ற வேண்டும். இது தெரியாமல் நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சுவிட்ச் போட்டபடி பின்னால் சுற்றும்போது சென்சாரின் மூன்று சிக்னல் ஒயரிலும் 0, 5 என்று மாறிமாறி வர வேண்டும். மாறாத ஒயர் எதுவோ அதன் கனெக்டரை முதலில் துடைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பாதிக் குறை அதில் தீரும். ஒயரை ஆக்சிலிலிருந்து நேராக மேலே கொண்டுபோகாமல் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.

மலைக்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், பெடல் போடாமல் 100 மீட்டர் உயரம் ஏற 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு போகும். லோயர் கேம்பிலிருந்து குமுளி சுமார் 500 மீட்டர் உயரம்: பாதி பேட்டரி. போடியிலிருந்து போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவும் சேர்த்து, சுமார் 1000 மீட்டர்: மேலே போய்ச் சேர மாட்டீர்கள். கூடவே மிதியுங்கள். வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால் த்ராட்டிலை விட்டுவிட்டு இறங்கித் தள்ளுங்கள். மெதுவாக முக்கும் மோட்டார் மின்சாரத்தைச் சூடாகத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் அந்தச் சூட்டில் மழுங்கும்.

ஆக்சில் நட்டை மாட்டிய முதல் வாரம் இருமுறை இறுக்குங்கள், பிறகு மாதம் ஒருமுறை. ஆக்சில் சுற்றாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. நட் தளர்ந்து ஆக்சில் ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் ஒயர் முறுகி அறுந்துவிடும். மோட்டார் சக்கரத்தின் கம்பிகளையும் அப்போதே தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பதை இறுக்கிப் பெண்டு எடுத்துவிடுங்கள். பழைய சைக்கிள் ரிம்மிலேயே மோட்டாரைக் கோக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம்மூர்ப் பெரிய சைக்கிளுக்குப் பின்னால் 40 கம்பி, கிட் மோட்டாருக்கு 36.

இறக்கத்தில் கியர் ஹப் சுதந்திரமாக ஓடும், பிடித்து நிறுத்தாது. மொத்த வேலையும் பிரேக் கட்டைக்குத்தான். குரோம் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. இடுக்கியில் ஓட்டுபவர்கள் அலுமினிய ரிம்முக்கு மாறியே ஆக வேண்டும், இதில் பேரம் இல்லை.

சார்ஜ் போடுவதில் இரண்டு ஊருக்கும் இரண்டு கட்டுப்பாடு. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயிலில் ஓட்டி வந்த பேட்டரியை உடனே சொருகாதீர்கள், நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். மூணாறில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும். பூஜ்ஜியம் பாகைக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து செல் கெட்டுப்போகும். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, நன்றாக வெயில் ஏறிய பிறகு போடுங்கள். எந்த ஊரானாலும் 42 வோல்ட் சார்ஜர் மட்டும், எல்லோரும் தூங்கிய பிறகு அது ஓடவே கூடாது.