கிரேக்கர் கேட்ட பாண்டிய மகள்

வீரகேரளம்புதூர்

அன்புள்ள பேரனுக்கு, தாத்தா எழுதுவது.

"மீனாட்சி கதை கிரேக்கப் புத்தகத்திலேயே இருக்காமே, அப்போ அது நடந்ததுதானே?" என்று போனில் கேட்டாய். நின்றவாக்கில் பதில் சொல்கிற சங்கதியா அது?

கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்தவர் மெகஸ்தனீஸ். அவருடைய 'இண்டிகா' தொலைந்துபோயிற்று. பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். அவற்றில் ஹெரக்ளீசுக்கு இந்தியாவில் பிள்ளைகள் பலர், பெண் ஒருத்தி. பெயர் பாண்டையா. தெற்கே கடல் வரைக்கும் அவள் நாடு. 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் கொடுத்தான் தகப்பன். மகளுக்கு அணிவிக்கக் கடல் முத்தையும் தேடிச் சேர்த்தான்.

நம் மீனாட்சி, தடாதகைப் பிராட்டியேதான் என்று மனசு துள்ளுகிறது, இல்லையா? உன் வயசில் எனக்கும் துள்ளியது. ஆனால் மெகஸ்தனீஸ் எழுதியது வடக்கே காதில் விழுந்ததை. அதையும் தன் ஊர்த் தெய்வமான ஹெரக்ளீசின் தலையில் ஏற்றிவிட்டார். தடாதகையை நாம் விரிவாகப் படிக்கிற பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமோ மெகஸ்தனீசுக்கு 1,800 ஆண்டுகளுக்கும் பிந்தியது. மீனாட்சி கல்யாணக் கதையும் பாண்டையாவோடு ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு துண்டு. பாண்டையாவின் நாட்டில் 365 ஊர்களாம். நாளுக்கு ஓர் ஊர் முறைவைத்து அரண்மனைக்குத் திறை கொண்டுவருமாம். சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்சேரியிலும் அரண்மனைக்கு நெய் கொடுப்பது முறைவைத்துத்தான். 

ஆனால் இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டால்தான் எனக்குப் பயம். 1867-இல் நெதர்லாந்தில் 'ஓரா லிண்டா' என்றொரு சுவடி வெளிவந்தது. அந்நாட்டு ஃபிரிசிய மக்கள் பஞ்சாபில் குடியிருந்து, அலெக்சாந்தரின் கப்பல்களோடு மேற்கே திரும்பினார்களாம். கிரேக்கர் எழுதிய படையெடுப்போடு அழகாக இசைந்தது. 1256-இல் படியெடுத்தது என்றார்கள். காகிதமோ 19-ஆம் நூற்றாண்டு ஆலைக் காகிதம்! கிரேக்கரைப் படித்துவிட்டு எழுதினால் பொருந்தாமல் என்ன செய்யும்?

அதனால் ராணியை விட்டுவிட்டு ஆற்றைப் பிடி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து நம் பக்கத்துப் பெயர்களைக் குறித்தார். பெத்திகோ மலை, அதில் பிறக்கும் சோலேன் ஆறு, கொல்கோய் துறை, பாண்டியனின் ஊர் மொதூரா. பொதிகை, தாமிரபரணி, கொற்கை, மதுரை என்று கால்டுவெல் முதலானோர் அடையாளம் கண்டார்கள். சோலேன் என்ற பெயர் மட்டும் நம் காதுக்கு ஒட்டாது. ஆனால் மலையும் துறையும் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. புராணத்தைப் பெருமைப்படுத்த வேண்டிய அவசியம் தாலமிக்கு இல்லை. வணிகர்களும் மாலுமிகளும் சொன்னதைக் கேட்டு எழுதியவர்.

சாரல் தொடங்கியதும் வா. குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சிற்றாற்றோடு சீவலப்பேரிக்குப் போவோம். அங்கே அது தாமிரபரணியில் விழுகிறது. அப்படியே கொற்கை. கிரேக்கர் துறைமுகம் என்று எழுதிய ஊரிலிருந்து இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆற்று வண்டல் தூர்த்துவிட்டது. அந்த வண்டலில் நம்மூர் மண்ணும் கொஞ்சம் இருக்கும்.

ஆச்சி உன்னை விசாரித்தாள்.

உன் தாத்தா