பழைய பிக்கப் வாங்குவோர் கவனத்திற்கு: வண்டியை இறக்கத்தில் சோதித்துப் பாருங்கள்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி, பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். குளம்பைத் தட்டிப் பார்க்கிறார். நடக்க விட்டு, முடிந்தால் ஏரிலும் பூட்டிப் பார்த்த பிறகே துண்டுக்குள் கை கொடுத்து விலை பேசுகிறார். ஆனால் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பழைய பிக்கப் வண்டி வாங்கும்போது, புதுப் பெயின்டையும் இஞ்சின் ஓடும் சத்தத்தையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவோர் பலர்.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம், சிலமலை போன்ற மலையடிவார ஊர்களில் இதனால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. இங்கே ஒரு வண்டி இன்று காய்கறியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு சமவெளியில் ஓடும். நாளை எருவும் உரமும் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்திற்கு மலையேறும். கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, போடியை அடுத்த முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். இந்தப் பாதையில் ஓடித் தேய்ந்த வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. எனவே இப்பகுதி விவசாயிகள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: ஏற்றத்தில் தெரியும் பழுது பணத்தைத் தின்னும், இறக்கத்தில் தெரியும் பழுது உயிரைத் தின்னும். ஆகவே இஞ்சினைப் பார்ப்பதற்கு முன் சேசிஸ், பிரேக், கியர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் நடப்பது என்ன?

வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அது இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியை இஞ்சின், கியர் மூலம் தாங்கிக்கொள்கிறது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்னும் ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். குழாய்க்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது மிதிக்கும் பெடல் பஞ்சுபோல் அமுங்கும்; வண்டி நிற்காது. பல ஆண்டுகளாகப் பிரேக் ஆயில் மாற்றாத வண்டி சமவெளியில் நன்றாக நிற்பதும், மலை இறக்கத்தில் ஏமாற்றுவதும் இதனால்தான்.

முதலில் அடிப்பாகம்

வண்டியைப் பகலில், சமதளத்தில் நிறுத்தி, டார்ச் விளக்கும் சிறு சுத்தியும் கொண்டு அடியில் பார்க்க வேண்டும். மலைப்பகுதியின் மழையும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். விவசாய வேலைக்கு ஓடிய வண்டிக்கு வேறு காரணங்களும் உண்டு. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து தகட்டை அரிக்கும். ஏலத்தில் அழுகல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கான மயில்துத்தக் கரைசல் இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். தொழு உரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே சரக்குத் தட்டின் விரிப்பைத் தூக்கி, மூலைகளையும் தட்டின் அடிப்பக்கத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நீளவாட்டில் ஓடும் சேசிஸ் சட்டத்தைச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால், நல்ல இடத்தில் கணீரென்று சத்தம் வரும். துரு தின்ற இடத்தில் மந்தமாகக் கேட்கும், செதில் உதிரும். பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களில் வெடிப்போ, வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி வைத்ததற்கு மேல் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியது என்று கொள்ளலாம். அடிப்பாகம் முழுவதும் புதிதாகத் தார்ப்பூச்சு பூசியிருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். அனுமதி மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

பிரேக் சோதனை

ஓட்டிப் பார்க்கும் முன், நின்ற நிலையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. இஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, பிறகு அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பழுது.

2. இஞ்சின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு உண்டு.

3. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். இலேசான மஞ்சள் நிறம் நல்லது. காப்பிக் கஷாயம்போல் கறுத்திருந்தால் நீண்ட நாள் மாற்றவில்லை என்று பொருள்.

பிறகு நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஆயில் ஒழுகிய ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கக் கூடாது. சில வண்டிகளில் சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அச்சுக்கு மேலே ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டோ கயிற்றால் கட்டிவைத்தோ ஓட்டுபவர்கள் உண்டு. அது சரியாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கியரும் கிளட்சும்

மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது இரண்டாவது கியர்தான். தேய்ந்த கியர்பாக்ஸில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். ஏற்றத்தில் இது தெரியவே தெரியாது. இறக்கத்தில் மட்டுமே தெரியும். பெரும்பாலான வாங்குவோர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

கிளட்சைச் சோதிக்க, வண்டிக்கு முன்னால் ஆள் இல்லாமல், சமதளத்தில் கைபிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். இஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சு பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. ஒரு முறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்.

இஞ்சின்

"அண்ணே, இஞ்சின் பக்கா, ஒரு செல்ஃபில் எடுக்கும்" என்று தரகர் சொல்வார். சூடான இஞ்சின் எதுவும் ஒரு செல்ஃபில் எடுக்கும். ஆகவே காலை நேரத்தில், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனவுடன் பானெட்டைத் திறந்து, இஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஸ்டார்ட் செய்த பின் விடாமல் குமிழ் வந்தாலும், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் கலந்ததுபோல் வெளுத்த பிசுக்கு இருந்தால், ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். டீசல் வண்டியின் ஆயில் கறுத்திருப்பது மட்டும் குற்றமல்ல.

புகையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பும் காரணமாகலாம். இஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் செலவு பெரிதாகும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. இவற்றில் எச்சரிக்கை விளக்குகளைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் இஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. முதலிலேயே எரியாவிட்டால் பழுதை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

டயரும் ஸ்டியரிங்கும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம். விபத்தில் வளைந்ததாகவும் இருக்கலாம். ஸ்டியரிங்கை இலேசாக இருபுறமும் ஆட்டும்போது சக்கரம் அசையாமல் கை மட்டும் அதிகம் ஆடினால், இணைப்புகள் தேய்ந்துள்ளன.

ஓட்டிப் பார்க்கும் முறை

பழக்கமில்லாத வண்டியை முதலிலேயே மலைப்பாதையில் இறக்கக் கூடாது. மேலே சொன்ன சோதனைகள் திருப்தியாக இருந்தால், ஆளில்லாத சமசாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கீழே சமதளத்தில் முடியும் ஒரு சிறிய சரிவில், காலி வண்டியை இரண்டாவது கியரில் இறக்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்க்க வேண்டும். கியர் நழுவக் கூடாது. அதன் பின்னரே, அனுபவமுள்ள டிரைவரையும் மெக்கானிக்கையும் கொண்டு மலைப்பாதையில் சிறிது தூரம் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஏறும்போது வெப்பமானியின் முள்ளையும், இறங்கும்போது பெடலின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். இறங்கியபின் நான்கு சக்கரங்களுக்கும் அருகில் போய்ப் பார்த்தால், கருகிய வாடை வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், வரி, அபராத பாக்கி ஆகியவற்றை மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் தேவை. உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும், 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

கேரளப் பதிவு வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, இங்கே வரி கட்டிப் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்று ஆர்.சி.யில் இருந்தால் பர்மிட் தேவை. எல்லை தாண்டித் தோட்டத்திற்குப் போகும் வண்டிக்கு என்ன பர்மிட், என்ன வரி என்பதை முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று: சரக்கு வண்டியில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றக் கூடாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்துள்ளது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்றும் தீராது.

விலை பேசும்போது

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கிடம் செலவுக் கணக்கு வாங்கி, அதைக் கழித்துக்கொண்டு விலை பேச வேண்டும். முன்பணம் கொடுத்தால், ஆர்.சி. மாற முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்க வேண்டும். சேசிஸ் வெடித்த வண்டி, கியர் நழுவும் வண்டி, சேசிஸ் எண் அழிந்த வண்டி ஆகிய மூன்றையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது பழுது பார்க்க ஒதுக்கி வைக்க வேண்டும். வண்டி வீட்டுக்கு வந்தவுடன் பூ வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு நிறுத்தாமல், பிரேக் ஆயிலை மாற்றி, நான்கு சக்கரங்களையும் கழற்றி பிரேக் லைனிங்கைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே முதல் லோடு ஏற்ற வேண்டும்.