எருது போன கதையை எழுது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆல்பியன் ஆன்லைன் ஆடுவதைப் பற்றித் தொடர்ந்து எழுதப் போகிறேன், முதல் பக்கத்தில் என்ன எழுதட்டும் மாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அக்கா படித்தால் படிக்கட்டும், ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. பையன் எந்நேரமும் செல்லும் கையுமாக இருக்கிறானே என்பதுதான் அவள் கவலை. அந்தச் செல்லுக்குள் நடந்ததை ஒரு பக்கம் தெளிவாக எழுதி அவளிடம் நீட்டினாயென்றால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். முதலில் ஆட்டத்தின் வரலாறு, அடுத்து ஆயுதங்களின் பட்டியல், அதற்கடுத்து நகரங்களின் அறிமுகம். மூன்றையும் விட்டுவிடு. பெர்லினில் உள்ள சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2017 ஜூலையில் ஆட்டத்தை வெளியிட்டது, 2021 ஜூனில் செல்போனுக்குக் கொண்டுவந்தது என்பதையெல்லாம் எழுதிவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த வாளுக்கு என்ன பலம் என்பதும் அப்படித்தான். அதியமான்கோட்டையில், உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீ ஆடியபோது நடந்தது மட்டும் வேறு யாரிடமும் கிடையாது. அதை எழுது.

போன மாதம் உன் எருது போன கதையைச் சொன்னாயே, அதிலிருந்தே தொடங்கலாம். மார்ட்லாக் நகரத்தில் இரும்புத் தாது வாங்கி, சுமை எருதில் ஏற்றிக்கொண்டு, சிவப்பு மண்டலத்தைக் கடந்து கேர்லியன் சந்தைக்குப் போனாய். வழியில் மூன்று பேர் மறித்துக் கொன்று, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். நீல, மஞ்சள் மண்டலங்களில் தோற்றால் சரக்கு போகாது. சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் கையிலும் மூட்டையிலும் இருப்பது போய்விடும். இது ஆட்டத்தின் விதி. விதியை ஒரே வரியில் சொல்லிவிட்டு உடனே பாதைக்கு வந்துவிடு. "கடுமையான தாக்குதலில் பெரும் இழப்பைச் சந்தித்தேன்" என்று எழுதினால் யாருக்கு நடந்தது, எங்கே நடந்தது, ஒன்றும் தெரியாது. எவ்வளவு வெள்ளிக்காசு போட்டுத் தாது வாங்கினாய், அதைச் சேர்க்க எத்தனை நாள் பிடித்தது, எந்த நுழைவாயிலில் முதல் ஆளைப் பார்த்தாய், பார்த்தும் ஏன் திரும்பவில்லை, அவர்களில் ஒருவன் போகும்போது என்ன எழுதிவிட்டுப் போனான்? இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால், ஆட்டமே தெரியாதவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்படி எழுதுவதற்கு நம் பக்கத்தில் ஒரு பழைய இலக்கணமே இருக்கிறது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பாய். நம் மாவட்டமும், கிருஷ்ணகிரியும், அந்தப் பக்கம் செங்கமும் நடுகல்லுக்குப் பேர்போன நாடு. பெரும்பாலானவை மாடு பிடிக்க வந்தவனோடு மோதி விழுந்த ஆட்களின் கற்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. யாருடைய ஆள், அவன் பெயர் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான் என்று சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது அந்தக் கல். முடித்த பிறகு இன்னொன்றும் சேர்க்கிறது: கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். சிற்பத்திலும் வீரனுக்குப் பக்கத்தில் நாய் நிற்கிறது. ஆண்டு, அரசன், ஆள், சண்டையின் காரணம் ஆகிய நான்கும் இல்லாவிட்டால் அது செய்தியே ஆகாது. ஆனால் 1,400 வருஷம் கழித்து நம்மை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்திவைப்பது நாயின் பெயர்தான். உன் பக்கத்திலும் அந்த நான்கும் இருக்கட்டும். கோவிவனைப் போல ஒன்றும் இருக்கட்டும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உன் வேலை.

அடுத்தது நேரம். ஆடிய ராத்திரியே எழுதிவிடு. இதில் நான் கண்டிப்பானவன். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் நான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவன், உனக்குத் தெரியும். 2004இல் வந்த அந்த ஆட்டத்தின் ஆதி வடிவத்தை 2019இல் அதே நிறுவனம் மறுபடி கொண்டுவந்தது. சோதனை ஓட்டத்தில் சேர்ந்த பழைய ஆட்டக்காரர்கள், இது தப்பு, அது அப்போது இப்படி இல்லை என்று புகார் மேல் புகார் எழுதினார்கள். புகார்களில் பல தப்பே இல்லை. பழைய ஆட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. மாட்டுத்தலை கொண்ட டாரென் இனத்துக்கு அடி எட்டும் தூரம் மற்ற இனங்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதுகூட அதில் ஒன்று. கடைசியில் நிறுவனமே "இவை பிழைகள் அல்ல" என்று ஒரு பட்டியல் போட வேண்டி வந்தது. வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்தவர்களின் நினைவே இப்படியென்றால், மாதங்கள் கழித்து நினைவை மட்டும் நம்பி நீ எப்படி எழுதுவாய்? படுக்கப் போகும் முன் நோட்டில் பத்து வரி போதும். அழகுபடுத்துவதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

நினைவு பிசகுவது ஒருபுறம். அந்த உலகமே காணாமல் போவது இன்னொருபுறம். ஆஷரான்ஸ் கால் என்ற மாயலோக ஆட்டம் 1999இல் திறந்தது. 2017 ஜனவரி 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். பதினேழு வருஷம் ஜனங்கள் நடந்து திரிந்த மலையும் ஊரும் அன்றோடு சரி. ரூன்ஸ்கேப்புக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு நகல் நிறுவனத்திடம் மிஞ்சியிருந்ததால், ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து 2013இல் பழைய வடிவத்தை மீட்டார்கள். நம் நாட்டிலேயே 2020 ஜூன் 29 அன்று வந்த 59 செயலிகளின் தடைப் பட்டியலில் மொபைல் லெஜண்ட்ஸும் கிளாஷ் ஆஃப் கிங்ஸும் இருந்தன. அவற்றை ஆடிய பிள்ளைகளுக்குத் தாங்கள் ஆடியதைச் சொல்ல இன்று என்ன மிச்சம்? ஆல்பியனும் உன்னுடையதல்ல. அடுத்த அப்டேட்டில் உன் ஆயுதத்தின் பலத்தைக் குறைப்பார்கள், வழியை மாற்றுவார்கள். நீ எழுதியது மட்டும்தான் உன் சொத்து.

நம் ஊருக்கு இந்த இழப்பு புதிதல்ல. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை நம் மண்ணின் மேல் படையெடுத்து வந்ததைச் சொன்ன நூல் தகடூர் யாத்திரை. தகடூரை ஆண்ட அதியமானின் கோட்டை இருந்த இடம் நம் ஊர்தான் என்பது வழக்கு, ஆகவே அது நம் ஊர்ப் போர். அந்த நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் எடுத்தாண்டதும் புறத்திரட்டைத் தொகுத்தவர் சேர்த்துவைத்ததுமான பாடல்களே மிச்சம். யாரோ ஒருவர் தன் ஏட்டில் பெயர்த்து எழுதியதால் அவ்வளவாவது கைக்கு வந்தது. ஜம்பை கல்வெட்டையும் நினைத்துக்கொள். அசோகனின் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒற்றை வரித் தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி இது என்று அந்த வரி சொன்னது. வாதம் முடிந்தது. வெட்டியவர் வரலாற்றுக்கு உதவுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார். கொடுத்தவன் பெயரையும் கொடுத்ததையும் சரியாக வெட்டினார், அவ்வளவுதான்.

விளையாட்டைப் போய் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறாரே மாமா என்று நினைக்காதே. எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் எவர்குவெஸ்ட் ஆட்டத்தின் நார்ரத் உலகத்துக்குள் தானே இறங்கி ஆடினார். எலிகளோடு மல்லுக்கட்டியதைக்கூட நாட்குறிப்பாக எழுதி, அந்தக் குறிப்புகளை 2001 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலேயே சேர்த்தார். அங்கே ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு சுமார் 3.42 டாலர் என்றும், தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் அந்த இல்லாத நாடு உலக வரிசையில் ரஷ்யாவை ஒட்டி நிற்கும் என்றும் கணக்குக் காட்டினார். ஆன்லைன் ஆட்டங்களின் பொருளாதாரத்தைப் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறார்கள். ஆல்பியனில் ஏறக்குறைய எல்லாப் பொருளையும் ஆட்டக்காரர்களே செய்து விற்கிறார்கள். நகரத்துக்கு நகரம் சந்தை தனி, விலையும் தனி. பாலக்கோடு தக்காளி மண்டியில் உன் அப்பா தினமும் விலை கேட்டுக்கொள்வதைப் போல நீயும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று சரக்குகளின் விலையைத் தேதி போட்டு எழுதி வா. இரண்டு மாதத்தில், எந்த நாளில் எதை எங்கே விற்கலாம் என்று உனக்கே பிடிபடும். அதுவே தனியாக ஒரு கட்டுரை.

மூன்று மணி நேரம் ஆடினால் மூன்று மணி நேரத்தையும் எழுதாதே. நம் ஊர்ச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் உள்ள ஓவியங்களை அண்ணாந்து பார். இதிகாசம் முழுவதையும் அங்கே தீட்ட இடமேது? தீட்டியவர் காட்சிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும் உனக்கு.

உன் கில்டில், அதாவது ஆட்டக் குழுவில், இருப்பவர்களையும் எழுது. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற பையன் இருந்தான். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் டுஷேன் நோய், சக்கர நாற்காலி, வீட்டுக்குள்ளேயே வாழ்க்கை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஐபெலின் என்ற பெயரில் ஆடினான்; தன் வாழ்க்கையைப் பற்றியும் எழுதி வந்தான். 2014இல், 25 வயதில் இறந்துபோனான். பிள்ளைக்கு நண்பர்களே இல்லையே என்று பெற்றோர் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுதி வந்த இடத்திலேயே அப்பா மரணச் செய்தியைப் போட்டபோது, பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. ஸ்டார்லைட் என்ற அவனுடைய கில்டிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே நேரில் வந்து நின்றார்கள். அவர்கள் ஆட்டத்துக்குள் பேசியவை பெருமளவு எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்ததால், பெஞ்சமின் ரீ என்ற இயக்குநரால் அவன் வாழ்ந்த அந்த இன்னொரு வாழ்க்கையை 2024இல் ஆவணப்படமாகக் காட்ட முடிந்தது. அக்காவோடு உட்கார்ந்து பார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஆட்களை எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆட்டப்பெயரை மட்டும் போடு. கூட ஆடுபவனின் சொந்தப் பெயர், ஊர், பள்ளி, அவன் நம்பிச் சொன்ன வீட்டுக் கஷ்டம் எதுவும் அவனைக் கேட்காமல் உன் பக்கத்தில் வரக்கூடாது. உன் பள்ளிக்கூடமும் போன் நம்பரும் எந்தக் காலத்திலும் வேண்டாம். உன்னைக் கொள்ளையடித்த அந்த மூன்று பேரையும் திட்டாதே. விதிப்படி ஆடினார்கள். அவர்கள் எப்படி மறைந்து நின்றார்கள் என்று எழுது, படிப்பவன் கற்றுக்கொள்வான்.

எழுதி முடித்ததும் அம்மாயிக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டு. அது கில்டையும் பார்த்ததில்லை, சர்வரையும் பார்த்ததில்லை. ஆனால் மாடு ஓட்டிப் பிழைத்த மனுஷி. "அப்புறம்?" என்று கேட்கிற இடமெல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். "அது என்னடா?" என்று கேட்கிற இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர். வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பத்தியை அடித்துவிடு.

முதல் பக்கம் எருது போன கதைதான். நுழைவாயிலில் அந்த ஆளைப் பார்த்த பிறகும் நீ ஏன் திரும்பவில்லை என்பதை நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை. அதை எழுதிய பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா